மொரிஸ் மைனரின் எஸ்யூ காபரேற்றர்: அறிகுறியைக் கேட்டுப் பழுதைப் பிடிப்பது

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு வேப்பமரத்தின் கீழ் ஏழு வருடம் நின்ற மொரிஸ் மைனர் கார் ஒன்றைப் போன வருடம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். 1098 சிசி எஞ்சின், ஒற்றை எஸ்யூ எச்எஸ்2 காபரேற்றர். பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பதுதான் காபரேற்றர்; எஸ்யூ அதில் ஒரு வகை. நிற்பதற்கு முந்தின மாதங்களில் அதை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேரும் காபரேற்றருக்கு அடியில் இருந்து பெற்றோலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கலவை நட்டைத் திருகியிருக்கிறார்கள். நான் பார்த்தபோது அந்த நட்டு இருக்க வேண்டிய இடத்தைவிட இரண்டு சுற்றுக்கு மேல் கீழே கிடந்தது. கோளாறோ நட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, திரொட்டில் ஸ்பின்டிலில், அதாவது அக்சிலேற்றரை மிதிக்கும்போது காற்று வழியின் தகட்டைத் திருப்பும் தண்டில் இருந்தது. அதை விரலால் ஆட்டினாலே கடகடவென்று ஆடியது. அந்த ஓட்டை வழியே காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. போகிற காற்றுக்கு ஈடுகொடுக்கத்தான் ஒவ்வொருவரும் பெற்றோலைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

தேய்மானத்தைத் திருகலால் மறைக்கக் கூடாது. இந்தக் காபரேற்றரைப் பற்றி நான் சொல்ல விரும்புவது அதுதான். எஸ்யூவில் திருகுவதற்கு இருப்பவை மூன்றே மூன்று: கலவை நட்டு, ஐடிலை (மிதிக்காமல் விட்டால் எஞ்சின் ஓடும் வேகத்தை) வைக்கும் ஐடில் ஸ்குறூ, சோக் (குளிர்ந்த எஞ்சினை எடுக்கக் கலவையைச் செறிவாக்கும் இழுப்பு) இழுக்கும்போது ஐடிலைக் கூட்டும் ஸ்குறூ. மூன்றும் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால் எல்லோருடைய கையும் முதலில் அங்கேதான் போகிறது. அவை மூன்றும் கடைசி வேலை.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது

மற்றக் காபரேற்றர்களில் ஐடிலுக்கு ஒரு ஜெட் (பெற்றோல் வரும் துளை), ஓட்டத்துக்கு ஒரு ஜெட், மிதிக்கும்போது பீய்ச்சுவதற்குச் சின்னப் பம்ப் ஒன்று என்று பல துளைகள் உண்டு. எஸ்யூவில் ஒரே ஜெட்தான். 0.090 அங்குலத் துளை. அதற்குள் கீழ்நோக்கிக் கூராகும் ஊசி ஒன்று ஏறி இறங்கும். ஊசி பிஸ்டனில் பூட்டியிருக்கும். பிஸ்டன் மேலே உள்ள மணி வடிவ மூடிக்குள், அதாவது டாஷ்பொட்டுக்குள், மிதந்து நிற்கும். எஞ்சின் கூடக் காற்று இழுத்தால் பிஸ்டன் உயரும், ஊசியின் மெல்லிய பகுதி ஜெட்டுக்குள் வரும், பெற்றோல் கூடப் போகும். காற்றுக் குறைந்தால் எல்லாம் மறுபடி கீழே இறங்கும். சோக்கை இழுத்தால் இங்கே காற்றை அடைக்கும் தகடு எதுவும் இல்லை. ஜெட்டே கீழே இறங்குகிறது, ஊசியைச் சுற்றியுள்ள இடைவெளி கூடுகிறது.

ஆகவே எஸ்யூவின் உயிர் அந்தப் பிஸ்டனின் நடமாட்டத்தில் இருக்கிறது. நான் வேலை பழகிய கராஜில் பெரியவர் சொல்வார்: "தம்பி, நட்டிலை கை வைக்காதை. முதல் பிஸ்டனைத் தூக்கி விடு. அது என்ன சொல்லுதெண்டு கேள்." இன்றும் நான் பொனற்றைத் திறந்ததும் முதலில் செய்வது அதுதான். காபரேற்றரின் பக்கத்தில் அடியில் ஒரு சிறு ஊசிப்பொத்தான் இருக்கும். அதை மேலே அழுத்திப் பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். தடையில்லாமல் இறங்கி, அடியில் உலோகம் உலோகத்தைத் தொடும் "டிக்" என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் பாதிக் காபரேற்றர் நல்லாயிருக்கிறது. சத்தமே இல்லாமல் மெத்தென்று நின்றால், அல்லது இடையில் தொங்கினால், நேரே கீழே "பிஸ்டன் ஒட்டுகிறது" என்ற பகுதிக்குப் போங்கள்.

இன்னொன்று. கரண்டுப் பக்கத்தையும் வால்வையும் சரிபார்க்காமல் காபரேற்றரைக் கழற்ற வேண்டாம். பொயின்ற் (ஸ்பார்க்குக்காகக் கரண்டை வெட்டிவிடும் முனைகள்) இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், பிளக் இடைவெளி 0.025, வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.012. இந்த மூன்றையும் சரிபார்க்க ஒரு மணி நேரம் போதும். என்னிடம் "காபரேற்றர் பிழை" என்று வரும் வண்டிகளில் எத்தனையோ, கருகிய பொயின்றோடும் செத்த கன்டென்சரோடும்தான் வருகின்றன. ஸ்பார்க் விட்டு விட்டு வந்தாலும் வண்டி இருமும், பெற்றோல் விட்டு விட்டு வந்தாலும் இருமும். வெளியே நின்று கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பெற்றோல் வழிகிறது, வண்டிக்குள் மணக்கிறது

இதை முதலாவதாக வைப்பதற்குக் காரணம் உண்டு. மைனரின் எஞ்சினில் கலவையை உள்ளிழுக்கும் மனிஃபோல்டும் (குழாய்த் தொகுதி) புகை வெளியேறும் மனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. காபரேற்றரிலிருந்து வழியும் பெற்றோல் கொதிக்கும் இரும்புக்குப் பக்கத்தில்தான் விழுகிறது. வழிகிற வண்டியை "கராஜ் மட்டும் ஓட்டிக்கொண்டு போவம்" என்று எடுக்காதீர்கள். சாவியை நிறுத்தி, பற்றறியின் ஒரு வயரைக் கழற்றி, எஞ்சின் ஆறும்வரை காத்திருங்கள். கிட்டவே ஒரு வாளி மணலாவது இருக்கட்டும்.

மைனரில் நமக்கு ஒரு நல்ல துணை இருக்கிறது: அந்த மின்சாரப் பம்ப். சாவியைத் திருப்பியதும் டக் டக் டக் என்று சில தரம் அடித்து, காபரேற்றரின் பக்கத்தில் பெற்றோலைத் தேக்கி வைக்கும் மிதவைக் கிண்ணம் நிரம்பியதும் நின்றுவிட வேண்டும். எஞ்சின் ஓடாமல் நிற்கும்போதும் பம்ப் நிற்காமல் அடித்தால் ஒன்றில் பெற்றோல் எங்கோ வெளியேறுகிறது, அல்லது டாங்கியில் பெற்றோலே இல்லாமல் காற்றை இழுக்கிறது. காதை வைத்தாலே இவ்வளவு தெரிந்துவிடும்.

வழிகிற இடத்தைப் பாருங்கள். மிதவைக் கிண்ணத்தின் மூடியில் உள்ள சிறு குழாயால் வழிந்தால், உள்ளே வரும் பெற்றோலை மூட வேண்டிய ஊசி வால்வு மூடவில்லை என்று பொருள். மூடியைக் கழற்றுங்கள். பெரும்பாலும் ஊசியின் கூரில் ஒரு துணுக்குத் துரு இருக்கும். அதைத் துடைத்துவிட்டு மறுபடி பூட்டினால் அன்றைக்குச் சரியாகும். ஆனால் துரு டாங்கியிலிருந்து வருகிறது, நாளைக்கும் வரும். பெற்றோல் லைனில் பம்புக்கு முன்னால் ஒரு பில்டர் போடாமல் இந்த வேலையை முடித்ததாக நினைக்காதீர்கள். ஊசியின் கூரைச் சுற்றி நகம் தட்டுப்படும் அளவுக்கு ஒரு வளையம் விழுந்திருந்தால் அது தேய்ந்த ஊசி. அதைத் தேய்த்துச் சரிப்படுத்த முடியாது. ஊசியையும் அது உட்காரும் இருக்கையையும் சோடியாக மாற்றுங்கள்.

அடுத்தது மிதவை. பழைய பித்தளை மிதவை என்றால் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. சுடுதண்ணீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்திலிருந்து குமிழி வரும். அதே சூட்டில் உள்ளே இருக்கும் பெற்றோலும் ஆவியாகி வெளியேறும். முழுவதும் வெளியேறி, குலுக்கினால் சத்தமே இல்லாத நிலைக்கு வந்த பிறகுதான் ஈயம் பற்றவைக்க வேண்டும். அதற்கும் மின்சாரப் பற்றுக்கோல்தான், நெருப்பு வேண்டாம். ஈயத்தைக் கஞ்சத்தனமாக வையுங்கள். பாரம் கூடினால் மிதவை தாழ மிதக்கும், மறுபடி வழியும்.

நைலோன் மிதவை என்றால் மட்டத்தைப் பாருங்கள். மூடியைத் தலைகீழாகப் பிடித்து, மிதவையின் பாரம் மட்டும் ஊசி வால்வில் இருக்கும்படி விட்டால், மிதவைக்கும் மூடியின் விளிம்புக்கும் நடுவே ஒரு 1/8 அங்குலத் துறப்பண ஊசி இலேசாகப் புக வேண்டும். 3/16 அங்குலம் வரை பரவாயில்லை. பிணைச்சலுக்குப் பக்கத்தில் உலோக நாக்கு இருந்தால் அதை மட்டும் மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம்.

மூடியால் வழியாமல் கிண்ணத்தின் அடியில் ஈரம் கசிந்தால், கிண்ணத்திலிருந்து ஜெட்டுக்குப் போகும் மெல்லிய நைலோன் குழாயின் றப்பர் இறுகிவிட்டது. அந்தச் சிறு றப்பர் வளையத்தைப் புதிதாகப் போடும்போது குழாயின் முனை அதற்கு வெளியே குறைந்தது 3/16 அங்குலம் நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நட்டை இறுக்கும்போது றப்பர் நசிந்து குழாயின் வாயையே அடைத்துவிடும். பிறகு "வழிகிறது" என்று வந்த வண்டி "பெற்றோல் வருகுதில்லை" என்று திரும்பி வரும்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

சோக்கை முழுவதும் இழுத்துவிட்டு இறங்கிப் போய் காபரேற்றரின் அடியைப் பாருங்கள். ஜெட்டின் தலை கண்ணுக்குத் தெரியும்படி கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் கேபிள் நழுவியிருக்கிறது. கேபிளைப் பிடிக்கும் அந்தச் சின்ன ஸ்குறூவை இறுக்கினால் வேலை முடிந்தது. ஜெட் இறங்கியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் கிண்ணத்தின் மூடியைத் திறந்து உள்ளே பெற்றோல் இருக்கிறதா என்று பார்க்கலாம். இரண்டும் சரியென்றால் காபரேற்றரை விட்டுவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள்.

ஐடில் நிற்கவில்லை, அல்லது ஏறி ஏறி இறங்குகிறது

வேப்பமரத்து வண்டியின் கதை இதுதான். சோக்கைக் கொஞ்சம் இழுத்து வைத்தால் நிற்கும், உள்ளே தள்ளினால் ஒரு நிமிடத்தில் அணையும். சில நாள் சிக்னலில் நிற்கும்போது வேகம் தானாக ஏறும். வேறு சில நாள் இறங்கி அணையும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குணம் காட்டுகிறதா, காற்றுக் கசிவைச் சந்தேகியுங்கள். நட்டால் வந்த பிழை என்றைக்கும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆடுகிற ஸ்பின்டிலோ ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் போய் உட்காரும்.

சோதனை எளிது. எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடட்டும். ஸ்பின்டில் காபரேற்றரின் உடலுக்குள் போகும் இரண்டு பக்கத்திலும் தடித்த கிறீஸைக் கொஞ்சம் அப்பிப் பாருங்கள். எஞ்சினின் சத்தம் மாறினால் அங்கே காற்றுப் போகிறது. பெற்றோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. புகை மனிஃபோல்ட் அத்தனை கிட்ட இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். கிறீஸ் போதும். காபரேற்றருக்கும் மனிஃபோல்டுக்கும் நடுவே உள்ள கஸ்கெட், மனிஃபோல்டுக்கும் எஞ்சின் தலைக்கும் நடுவே உள்ள கஸ்கெட் இரண்டையும் இதே மாதிரிப் பாருங்கள்.

கசிவு காபரேற்றரின் முகத்தில் என்றால், அந்த முகம் வளைந்திருக்கலாம். காபரேற்றரை மனிஃபோல்டோடு பிடிக்கும் இரண்டு நட்டையும் அளவுக்கு மீறி இறுக்கினவர்கள் செய்த வேலை அது. தடித்த கண்ணாடித் துண்டொன்றின் மேல் 400 ஆம் இலக்கத் தண்ணீர்க் கடதாசியை விரித்து, முகத்தை அதில் எட்டு வடிவத்தில் தேய்த்தால், எங்கே உயரம் எங்கே பள்ளம் என்று உடனே தெரியும். முகம் முழுவதும் ஒரே மினுக்கம் வரும்வரை தேயுங்கள். அரை மணி நேர வேலை, காசு செலவில்லை.

ஸ்பின்டில்தான் ஆடுகிறது என்றால் கொஞ்சம் பெரிய வேலை. காபரேற்றரைக் கழற்றி, திரொட்டில் தகட்டில் எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் வெளியே என்று கீறி அடையாளம் வையுங்கள். தகட்டின் விளிம்பு சரிவாக வெட்டப்பட்டது, திருப்பிப் போட்டால் மூடாது. தகட்டைப் பிடிக்கும் இரண்டு ஸ்குறூவின் நுனியும் பிளந்து விரிக்கப்பட்டிருக்கும். அதை நெருக்கிவிட்டுக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் ஸ்பின்டிலின் புரியும் சேர்ந்து போகும்.

ஸ்பின்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தால் தேய்ந்த இடம் படி மாதிரித் தெரியும். ஸ்பின்டில் மட்டும் தேய்ந்து உடலின் துளை வட்டமாக இருந்தால் புது ஸ்பின்டில் போட்டால் போதும். பெரும்பாலும் துளையும் நீள்வட்டமாகியிருக்கும். அப்படியென்றால் லேத்துக்குப் போக வேண்டும். துளையைப் பெரிதாக்கி வெண்கல புஷ் போட்டு, இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் வரும்படி ரீமர் (துளையைச் சரியான அளவுக்குக் குடையும் கருவி) ஓட்டச் சொல்லுங்கள். "ஒரே தரத்தில், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை" என்று அழுத்திச் சொல்லுங்கள். இரண்டு புஷ்ஷையும் தனித்தனியாகக் குடைந்தால் ஸ்பின்டில் இறுகும், அக்சிலேற்றர் மேலேயே நின்றுவிடும். ஓடும் காரில் அது உயிருக்கு ஆபத்து.

திரும்பப் பூட்டும்போது ஸ்குறூக்களை இலேசாகப் பிடித்துவிட்டு, திரொட்டிலை இரண்டு மூன்று தரம் படீரென்று மூடுங்கள். தகடு தன் இடத்தைத் தானே தேடி உட்காரும். பிறகு இறுக்கி, நுனியை விரித்துவிடுங்கள். எப்போதும் புது ஸ்குறூ. பழையதை மறுபடி விரித்தால் நுனி ஒடியும், ஸ்குறூ கழன்றால் அது போகும் வழி எஞ்சினுக்குள்தான். ஐம்பது ரூபாய்ச் சாமானுக்காக எஞ்சினின் பிஸ்டன் ஒன்று உடைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கொக்குவில் வண்டிக்குப் புஷ் போட்டு, நட்டை ஏற்றி வைத்து ஸ்டார்ட் செய்த அன்று, உரிமையாளரின் அம்மா வந்து நின்றார். எண்பது வயதுக்கு மேல். எஞ்சின் சத்தம் சீராகக் கேட்டதும் "இது அவரின்ரை கார்ச் சத்தம்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கணவர் இறந்து பல வருடம்.

மிதித்தால் ஒரு கணம் மூச்சு முட்டுகிறது

நின்று எடுக்கும்போது மிதித்தால் வண்டி ஒரு கணம் தயங்கி, சில வேளை காபரேற்றருக்குள் "பட்" என்று வெடித்து, பிறகு பாய்கிறதா? டாஷ்பொட்டின் உச்சியில் உள்ள கறுப்புத் தொப்பியைத் திருகி எடுங்கள். அதோடு ஒரு சிறு கம்பி வரும். அது ஒயிலில் நனைந்திருக்க வேண்டும். மிதித்ததும் பிஸ்டன் ஒரேயடியாக மேலே பாயாமல் அந்த ஒயில்தான் பிடித்து வைக்கிறது. அந்த ஒரு கணத்தில் ஜெட்டின் மேல் இழுவை கூடி, கலவை செறிவாகிறது. ஒயில் இல்லாவிட்டால் பிஸ்டன் துள்ளிவிடும், காற்று முந்திவிடும்.

எஸ்ஏஈ 20 ஒயிலை, உள்ளே உள்ள குழல் தண்டின் உச்சிக்கு மேல் அரை அங்குலம் வரும்வரை விடுங்கள். அது இல்லாத இடத்தில் 20டபிள்யூ-50 எஞ்சின் ஒயில் நமது வெக்கைக்கு ஒத்துப்போகிறது. தையல் மெசின் ஒயில் மிக மெல்லியது. கியர் ஒயில் விட்டால் பிஸ்டன் சோம்பேறியாகி, வேறு விதமான தயக்கம் வரும். கூட ஊற்றினாலும் பயமில்லை, மிச்சம் எஞ்சினுக்குள் போய் எரியும். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்தாலே போதும்.

கறுப்புப் புகை, பெற்றோல் குடிக்கிறது

முதலில் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, அடியில் கை போட்டு ஜெட்டை விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். அது இன்னும் மேலே போனால் அவ்வளவுதான் பிழை. சோக்கை விட்டபின் ஜெட் முழுவதும் ஏறாமல் நின்றிருக்கிறது. ஜெட்டின் வெளிப்புறத்தைத் துடைத்து, ஒரு சொட்டு மெல்லிய ஒயில் விட்டு, நாலு தரம் ஏற்றி இறக்கினால் சரியாகும். அடைத்துப்போன காற்று பில்டரும் இதே புகையைத் தரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

இவை இரண்டும் இல்லையென்றால் ஊசியும் ஜெட்டும் தேய்ந்திருக்கும். யாழ்ப்பாணத்துப் பழைய கார்களில் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் போனபோது, இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் போத்தல் பெற்றோலை வைத்துச் சில சொட்டு விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால்தான் அந்தச் சில சொட்டு. கர்ப்பிணிகளையும் காயக்காரரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை அந்தக் கார்கள்தான். அதற்கு அவை கொடுத்த விலையை இன்றும் கழற்றும்போது பார்க்கிறேன்: டாஷ்பொட்டின் உள்சுவரில் பழுப்புப் பிசின், கரி பிடித்த மனிஃபோல்ட், செறிவு போதாமல் கீழே கீழே இறக்கிவிட்டு அப்படியே விட்ட நட்டு. பெற்றோல் திரும்பி வந்தபிறகும் பலர் அந்த நட்டைத் திருப்பி ஏற்றவே இல்லை.

ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மினுங்கினால் அது ஜெட்டில் உரசியிருக்கிறது. ஜெட்டின் வாயும் நீள்வட்டமாகியிருக்கும். ஊசியை மட்டும், அல்லது ஜெட்டை மட்டும் மாற்றுவது வீண். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். 1098 சிசி மைனருக்கு ஏஎன் என்று பொறித்த ஊசி. அந்த எழுத்து ஊசியின் தண்டிலேயே இருக்கும், கடைக்காரர் தருவதை அப்படியே நம்பாமல் வாசித்துப் பாருங்கள். பூட்டும்போது ஊசியின் தோள் பிஸ்டனின் அடிமுகத்தோடு சமமாக வர வேண்டும். அடியில் ஒரு நேர்விளிம்பை வைத்துப் பார்த்தால் போதும். ஊசி கூட மேலே ஏறி நின்றால் கலவை செறியும், கீழே தொங்கினால் மெலியும். பிறகு நட்டை எவ்வளவு திருகினாலும் எல்லா வேகத்துக்கும் பொருந்தாது.

பிஸ்டன் ஒட்டுகிறது

டாஷ்பொட்டையும் உடலையும் சேர்த்து ஒரு கோடு கீறி அடையாளம் வைத்துவிட்டுக் கழற்றுங்கள். பிஸ்டனை எடுக்கும்போது ஊசி எங்கும் முட்டக் கூடாது. மேசையில் வைக்கும்போதும் ஊசியில் நிறுத்தாதீர்கள். ஒரு பழைய ஜாம் போத்தலின் வாயில் பிஸ்டனை உட்காரவிட்டு ஊசியைப் போத்தலுக்குள் தொங்கவிடலாம்.

டாஷ்பொட்டின் உட்புறத்தையும் பிஸ்டனின் பெரிய வட்டத்தையும் பெற்றோலில் நனைத்த பருத்தித் துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய்ப் பிசின் பெற்றோலுக்குக் கரையாவிட்டால் தின்னர் கரைக்கும். உப்புக்கடதாசி மட்டும் வேண்டவே வேண்டாம். பிஸ்டனும் டாஷ்பொட்டும் ஒன்றையொன்று தொடாமல், மயிரிழை இடைவெளியில் ஓடும்படி ஆலையிலேயே சோடி சேர்த்தவை. அந்த இடைவெளியைக் கூட்டினால் திரும்பக் குறைக்க வழியில்லை. அதனால்தான் வேறு வண்டியின் டாஷ்பொட்டை இங்கே போடுவதும் சரிவராது. கோஸ்டிக் சோடாவில் ஊறவைக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது அலுமினியத்தைத் தின்றுவிடும்.

துடைத்தபின் ஒரு சோதனை. ஸ்பிரிங் இல்லாமல் பிஸ்டனை டாஷ்பொட்டுக்குள் முழுவதும் விட்டு, ஒயில் கம்பியையும் பூட்டி, பிஸ்டனின் துளைகளைக் களிமண்ணாலோ பிளாஸ்டிசினாலோ அடையுங்கள். தலைகீழாகப் பிஸ்டனைப் பிடித்துக்கொண்டு டாஷ்பொட்டை விட்டால், அது தன் பாரத்தில் இறங்கி முடிய 3 முதல் 5 செக்கன் ஆக வேண்டும். கையை அடியில் தயாராக வைத்திருங்கள். அதைவிட வேகமாக விழுந்தால் சோடி தேய்ந்துவிட்டது. மெதுவாக இறங்கினால் இன்னும் அழுக்கு இருக்கிறது.

பிஸ்டன் வெளியே நன்றாக ஓடி, பூட்டினதும் ஒட்டினால் ஜெட் நடுவில் இல்லை. சோக் இணைப்பைக் கழற்றி, கலவை நட்டின் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, நட்டை முழுவதும் மேலே ஏற்றுங்கள். அதற்கு மேலே உள்ள பெரிய பூட்டு நட்டைத் தளர்த்துங்கள். ஒயில் கம்பியை எடுத்துவிட்டு, மேலேயிருந்து ஒரு பென்சிலால் பிஸ்டனை இலேசாகக் கீழே அழுத்துங்கள். ஊசி ஜெட்டைத் தானே நடுவுக்கு இழுக்கும். அழுத்தியபடியே பூட்டு நட்டை இறுக்குங்கள். பிஸ்டனைத் தூக்கி விட்டுக் கேளுங்கள். இப்போது ஜெட்டைக் கீழே இறக்கிவிட்டும் ஒரு தரம் கேளுங்கள். இரண்டு "டிக்"கும் ஒரே மாதிரி இருந்தால் நடுவில் நிற்கிறது. கீழே இறக்கினதும் சத்தம் கூர்மையானால் இன்னும் உரசுகிறது, மறுபடி தளர்த்துங்கள். முதல் தரத்திலேயே எனக்கு இது அமைவது அபூர்வம். மூன்று நாலு தரம் செய்வதற்குப் பொறுமை வேண்டும். ஊசி வளைந்திருந்தால் எத்தனை தரம் செய்தாலும் நடுவுக்கு வராது.

சந்தைக்குப் போய் வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை

காலையில் நன்றாக எடுக்கும். ஓடி நிறுத்திப் பதினைந்து நிமிடம் கழித்து எடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்திய எஞ்சினின் சூடு காபரேற்றருக்கு ஏறி, கிண்ணத்தில் பெற்றோல் கொதித்து மனிஃபோல்டுக்குள் வழிந்திருக்கும். சோக்கைத் தொடாதீர்கள். அக்சிலேற்றரைப் பாதிக்கு மேல் மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் எடுத்துவிடும். காபரேற்றருக்கும் மனிஃபோல்டுக்கும் நடுவே சூடு கடத்தாத தடித்த துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ எப்போதோ கழற்றியபோது அது தொலைந்து, இரண்டு கடதாசிக் கஸ்கெட்டோடு பூட்டிய வண்டிகள் எத்தனையோ. அந்தத் துண்டைத் திரும்பப் போட்டாலே சித்திரை வெயிலில் வித்தியாசம் தெரியும்.

வேகம் எடுத்தால் இழுவை போகிறது

இழுவை போகும்போதே சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். வண்டி தேறினால் பெற்றோல் போதவில்லை. டாங்கியின் மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே போனால் மூடியின் மூச்சுத்துளை அடைபட்டிருக்கிறது, அதோடு முடிந்தது. இல்லையென்றால் காபரேற்றருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டுச் சாவியைத் திருப்புங்கள். நல்ல பம்ப் ஒரு நிமிடத்தில் அரை லீற்றருக்குக் கிட்டத் தரும். தராவிட்டால் பம்பின் பொயின்றும் பில்டரும் பார்க்க வேண்டியவை, காபரேற்றர் குற்றவாளி இல்லை.

இப்போது நட்டைத் தொடலாம்

கசிவு இல்லை, பிஸ்டன் "டிக்" சொல்கிறது, மிதவை மட்டம் சரி, ஒயில் இருக்கிறது. சரி, இனித் திருகலாம். கலவை நட்டை முழுவதும் மேலே ஏற்றி, அங்கிருந்து இரண்டு சுற்று, அதாவது சுற்றுக்கு ஆறாகப் பன்னிரண்டு பட்டை, கீழே இறக்குங்கள். ஸ்டார்ட் செய்து, ஐந்தாறு கிலோமீற்றர் ஓடி எஞ்சினைச் சூடாக்குங்கள். வீட்டு வாசலில் ஐடிலில் நின்று சூடானது போதாது.

பக்கத்து ஊசிப்பொத்தானால் பிஸ்டனை 1/32 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக, தூக்குங்கள். எஞ்சினின் வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை செறிவு, நட்டை ஒரு பட்டை மேலே ஏற்றுங்கள். வேகம் விழுந்தால், அல்லது அணைந்தால், மெலிவு, ஒரு பட்டை கீழே. ஒரு கணம் இலேசாகக் கூடிவிட்டு பழைய வேகத்துக்குத் திரும்பினால் அதுதான் இடம். ஒவ்வொரு பட்டைக்கும் பிறகு ஒரு தரம் அக்சிலேற்றரைத் தட்டிவிட்டுத்தான் மறுபடி பாருங்கள். கடைசியாக ஐடில் ஸ்குறூவால் எஞ்சினை அமைதியாக நிறுத்தி, சோக் ஸ்குறூவுக்கும் அதன் கேமுக்கும் நடுவே ஒரு கடதாசி போகும் இடைவெளி விடுங்கள்.

காங்கேசன்துறை வீதி மாதிரி நேரான வீதியில் ஒரு அரை மணி நேரம் ஓட்டி, வேகத்திலேயே சாவியை நிறுத்தாமல், வழமைபோல ஓரமாக நிறுத்தி, ஆறியபின் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கற் நிறமாக நாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கரிக்கறுப்பு என்றால் ஒரு பட்டை மேலே, வெள்ளை என்றால் ஒரு பட்டை கீழே. ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் அந்த சிலிண்டரின் பிளக்கையும் வால்வையும் பாருங்கள். நாலுக்கும் ஒரே காபரேற்றர்தான் ஊட்டுகிறது.

பல வருடம் நின்ற வண்டி என்றால் முதல் மாதம் முடிவில் மிதவைக் கிண்ணத்தை இன்னொரு தரம் திறவுங்கள். வேப்பமரத்து வண்டியில் அப்போது அடியில் ஒரு தேக்கரண்டி செந்துரு இருந்தது. டாங்கியைக் கழற்றிக் கழுவினோம். இரண்டாம் மாதம் திறந்தபோது கிண்ணத்தின் அடி தெரிந்தது.